பெயர் கேட்காத பெட்டி

எழுத்தாளர் சுஜாதா பெங்களூரில் வேலை பார்த்த பி.இ.எல். (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) தொழிற்சாலை ஜாலஹள்ளியில் இருக்கிறது. ஊரின் வடக்குப் பக்கம். நான் வேலை பார்க்கும் பொம்மசந்திரா ஓசூர் ரோட்டில் தென்கிழக்குக் கடைசி. இரண்டுக்கும் நடுவில் முழு நகரமும் கிடக்கிறது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடத்தில் மெட்ரோ ஓட ஆரம்பித்தது, ஆர்.வி. ரோடில் கிளம்பி 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள், கடைசி நிறுத்தம் பொம்மசந்திரா. அதன் பிறகு எனக்குப் படிக்க நேரம் கிடைத்திருக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்க முடியாது. ரயிலில் நின்றுகொண்டும் படிக்கலாம். இந்த மாதங்களில் சுஜாதாவின் துப்பறியும் நாவல்களை மறுபடி வரிசையாகப் படித்து வருகிறேன். அப்போது நோட்டில் எழுதிவைத்தவை இவை.

*

சுஜாதா என்ற பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் 1935 மே 3 அன்று சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டியின் வீட்டில். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ். அப்துல் கலாமும் இதே இரண்டு இடங்களில் படித்தவர். டெல்லியில் சிவில் ஏவியேஷன் துறையில் வேலை; பிறகு பெங்களூர், ஓய்வு பெறும்வரை பி.இ.எல். குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே இருந்ததால் இன்னொரு ரங்கராஜனுக்கு இடமில்லை. மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். 2008 பிப்ரவரி 27 அன்று சென்னையில் காலமானார்.

வாழ்க்கைக் குறிப்பாக இவ்வளவு போதும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. காலையில் தொழிற்சாலைக்குப் போய் மீட்டிங், டிராயிங், டெஸ்ட் ரிப்போர்ட் என்று பகலைக் கழித்த ஒரு மனிதர், அதே மூளையைக் கொண்டு இரவில் கொலைக் கதை எழுதினார். இரண்டு வேலைக்கும் வேறு வேறு மூளை அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

*

துப்பறியும் கதை எழுதியவர்களில் பலருக்குப் பகல் வேலைதான் படிப்பைத் தந்திருக்கிறது. கோனன் டாயில் டாக்டர். எடின்பரோவில் அவருக்குப் பாடம் நடத்திய ஜோசப் பெல், நோயாளி உள்ளே வரும்போதே அவன் தொழிலையும் ஊரையும் சொல்லிவிடுவாராம். அந்த ஆசிரியரிலிருந்துதான் ஹோம்ஸ் பிறந்தார். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் இடத்தில் வேலை செய்தார். எந்த மருந்து எந்த அளவில் விஷமாகும் என்று அங்கே கற்றுக்கொண்டார். 1920ல் வந்த முதல் நாவலில் விஷத்தைச் சரியாகக் கையாண்டதற்காக ஒரு மருந்தியல் இதழ் பாராட்டியது. வாசகர் பாராட்டைவிட அது அவருக்குப் பெரிதாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். டாஷியல் ஹாமெட் நிஜமாகவே பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் ஆளாக அலைந்தவர்.

சுஜாதாவுக்கு அந்த இடம் டெஸ்ட் பெஞ்ச். ஒரு சர்க்யூட் வேலை செய்யவில்லை என்றால் அதைத் திட்டிப் பயனில்லை. சிக்னல் எங்கே வரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று படிப்படியாகப் பார்க்க வேண்டும். அவர் துப்பறியும் கதைகளின் நாயகன் கணேஷ் ஒரு வழக்கைப் பார்ப்பதும் அப்படித்தான். கோபப்படமாட்டான், அதிசயப்படமாட்டான். இதுவரை எல்லாம் பொருந்துகிறது, இந்த இடத்தில் பொருந்தவில்லை, ஆகவே இங்கே தோண்டு என்பான்.

*

வாரத்தொடர் பற்றி. இன்று அந்த நாவல்கள் நமக்குப் புத்தகமாகக் கிடைக்கின்றன. எழுதப்பட்டபோது அவை வாரம் ஒரு அத்தியாயம். எழுதியவருக்குப் பின்னால் போக வழி கிடையாது. மூன்றாம் வாரத்தில் மேஜைமேல் வைத்த டம்ளரைப் பதினைந்தாம் வாரத்தில் எடுத்துவிட முடியாது. அது ஆயிரக்கணக்கான வீடுகளில் அச்சாகிக் கிடக்கிறது. தடயத்தை அழிக்க முடியாத நிலையில் கதை எழுதுவது என்ன ஒரு கட்டுப்பாடு! ‘ஆ!’ நாவலில் இதற்கு மேலும் ஒரு தளை போட்டுக்கொண்டார்: ஒவ்வொரு அத்தியாயமும் ‘ஆ’ என்ற அலறலில் முடிய வேண்டும். விளையாட்டு மாதிரி தெரிகிறது. ஆனால் அந்த அலறலுக்கு ஒவ்வொரு முறையும் நியாயமான காரணம் ஒன்று வேண்டும். தொழிற்சாலையில் வேலை செய்கிற எனக்கு அது புரிகிறது. அனுப்பிய சரக்கு அனுப்பியதுதான். அடுத்த லாட்டில்தான் கெட்டிக்காரத்தனம்.

*

என் வேலை தர ஆய்வு. பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வயரிங் ஹார்னஸ் செய்யும் ஒரு சின்ன யூனிட். மருந்து, மோட்டார் பாகம், பிளாஸ்டிக், மெஷின் டூல் என்று இந்தப் பேட்டைக்குள் எல்லாம் நடக்கிறது. ஷிப்ட் விடும் நேரத்தில் ரோட்டில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் கேட்கும்.

ஒரு தடவை ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது. டெர்மினலில் கிரிம்ப் இறுக்கமாக இல்லை, இழுத்தால் வயர் கழன்று வருகிறது. லைனுக்கு வந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி: “யார் பண்ணது?” அவ்வளவுதான், மொத்த லைனும் ஊமையாகிவிட்டது. அந்த வாரத்து ரிப்போர்ட் தாள்களில் எல்லா எண்களும் அழகாக, ஒரே மாதிரி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தன. பயம் எழுதிய எண்கள். அந்தத் தாள்களை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அவர் போன பிறகு கேள்வியை மாற்றினோம். எந்த மெஷின், எந்த ரீல், எப்போதிலிருந்து? பேச்சு வந்தது. அந்த மெஷினில் சத்தம் கொஞ்ச நாளாகவே வேறு மாதிரி இருக்கிறது என்று ஒரு பையன் சொன்னான். டை தேய்ந்திருந்தது. மாற்ற வேண்டிய தேதி தாண்டியிருந்தது. ஆள் யாரும் இல்லை. ஒரு தேதி தவறியிருந்தது, அதைக் கவனிக்க ஏற்பாடு இல்லாமல் இருந்தது.

டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ இதற்கு ஒரு உதாரணம் எழுதியிருக்கிறார், தொழிற்சாலைப் பயிற்சியில் எல்லோருக்கும் சொல்லித்தருவார்கள். மெஷின் நின்றது, ஏன்? லோடு அதிகமாகி ஃபியூஸ் போனது. ஏன்? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக எண்ணெய் இறைக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போயிருக்கிறது. ஐந்து கேள்வி, ஒன்றில்கூட மனிதன் இல்லை. முதல் கேள்வியோடு நின்றவன் ஃபியூஸை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போவான்.

ஜூனியர் விகடனில் வாசகர்களின் அறிவியல் சந்தேகங்களுக்கு சுஜாதா பதில் எழுதிய பகுதிக்கு ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று பெயர். பள்ளியில் படித்தபோது அதை அறிவியலாக மட்டும் படித்தேன். இப்போது படிக்கும்போது கொலைக் கதைகளும் அதே கேள்விகளில் நடப்பது தெரிகிறது. கதையின் முடிவில் ‘யார்’ வந்தாக வேண்டும், வாசகன் அதற்குத்தான் காசு கொடுத்தான். ஆனால் கணேஷ் அந்தக் கேள்வியைக் கடைசி வரை தள்ளிப்போடுகிறான். எப்படி நடந்தது என்று தெரியாமல் யாரையும் சுட்டக் கூடாது என்ற பிடிவாதம் அவனிடம் இருக்கிறது. சுஜாதாவிடம் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான்.

*

கணேஷ் வக்கீல். இது முக்கியம்.

தமிழில் துப்பறியும் கதைக்கு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று பழைய வரலாறு உண்டு. தமிழ்வாணனின் சங்கர்லால் முழுநேரத் துப்பறிவாளர். 1968ல் ‘நைலான் கயிறு’ தொடரில் கணேஷ் வந்தபோது தொழில் மாறியது. அமெரிக்காவில் எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் பெரி மேசன் அதற்கு முன்பே வக்கீல்தான். ஆனாலும் நம் ஊரில் இந்தத் தேர்வுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது. துப்பறிவாளன் குற்றவாளியைத் தேடிப் போகிறவன். வக்கீலிடம், ஏற்கெனவே யாரோ ஒருவர் மேல் விரல் நீட்டப்பட்ட பிறகுதான் ஆட்கள் வருகிறார்கள். அவன் வேலை அந்த விரல் சரியான இடத்தைக் காட்டுகிறதா என்று பார்ப்பது. போலீஸ் முடித்துவைத்த ஃபைலை மறுபடி திறப்பது. நிரூபிக்க வேண்டிய பாரம் குற்றம் சாட்டுகிறவருடையது என்ற சட்டத்தின் பழைய நியாயத்தை, பஸ் ஸ்டாண்டில் குமுதம் வாங்கிய லட்சக்கணக்கான பேருக்கு வாராவாரம் பழக்கிவைத்தது இந்தக் கதைகள்தான் என்று நான் நம்புகிறேன். பாடம் நடத்துகிற தோரணை துளியும் இல்லாமல்.

கணேஷின் உதவியாளன் வசந்த் பிறகு வந்து சேர்ந்தான். அவன் வந்த பிறகுதான் கதைக்குள் மூச்சு வந்தது. கணேஷ் தனியாக யோசிக்கும்போது வாசகன் வெளியே நிற்கிறான்; வசந்த் அபத்தமாக எதையாவது கேட்கும்போது வாசகனும் உள்ளே வருகிறான். ‘ப்ரியா’ படத்தில் ரஜினிகாந்த் கணேஷாக நடித்தார். எனக்கு அந்த முகம் ஒட்டவில்லை. என் மனதில் இருக்கும் கணேஷுக்கு முகம் இல்லை, குரல் மட்டும்தான்.

*

‘கொலையுதிர் காலம்’ 1981. பெரிய வீடு, சொத்து, இரவில் தெரியும் உருவம். கணேஷ் விஞ்ஞானத்தின் பக்கம் நிற்கிறான். லேசர் வெளிச்சத்தில் உருவத்தை எழுப்பும் ஹோலோகிராம் பற்றிப் பேச்சு வருகிறது. அதன் தத்துவத்தைக் கண்டுபிடித்த டென்னிஸ் காபருக்கு நோபல் பரிசு கிடைத்து அப்போது பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலான வாசகர்கள் அந்தச் சொல்லை முதல்முறை கேட்டது இந்தத் தொடரில்தான் இருக்கும். வசந்துக்குத் திருப்தி இல்லை. நாவல் இருவரில் யார் சரி என்று அடித்துச் சொல்லாமல் முடிகிறது.

இது ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இன்ஜினீயர்களில் இரண்டு வகை. விளக்கம் கிடைத்ததும் ஃபைலை மூடிவிடுகிறவர் ஒரு வகை. கிடைத்த விளக்கம் எல்லாத் தகவலையும் உள்ளடக்குகிறதா, ஒன்றிரண்டு வெளியே நிற்கிறதா என்று பார்க்கிறவர் இன்னொரு வகை. வெளியே நிற்கும் ஒன்றிரண்டை மறைக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போவது நேர்மை. பிற்காலத்தில் தன் சகோதரரோடு சேர்ந்து பிரம்ம சூத்திரத்துக்கு எளிய அறிமுகம் எழுதிய மனிதரும் இவர்தான். ஸ்ரீரங்கத்துப் பையனும் எலெக்ட்ரானிக்ஸ்காரரும் அவருக்குள் ஒருவரை ஒருவர் ஜெயிக்கவில்லை. அந்த நாவல் அதற்குச் சாட்சி.

*

இனி, இந்த நோட்டில் நான் திரும்பத் திரும்ப வரும் விஷயம்.

பி.இ.எல்.லில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை வடிவமைத்த குழுவை மேற்பார்வையிட்டவர் சுஜாதா. அந்தப் பணிக்காக வாஸ்விக் விருது கிடைத்தது. வாழ்நாள் முழுக்க ‘இதைச் செய்தது யார்’ என்று எழுதியவர், அலுவலகத்தில் செய்துகொடுத்தது, ‘இதைப் போட்டது யார்’ என்று தெரியவே கூடாத ஒரு பெட்டி. இதை முதலில் யோசித்த நாளில் நான் இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்கி, நடைமேடையிலேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி எப்படி வேலை செய்கிறது? இரண்டு பகுதி, நடுவில் ஐந்து மீட்டர் கேபிள். ஒன்று அதிகாரியின் மேஜையில், இன்னொன்று மறைப்புக்குள். பேட்டரியில் ஓடும், கரண்ட் இல்லாத மலைக் கிராமத்துக்கும் தூக்கிப் போகலாம். அதிகாரி ஒரு பொத்தானை அழுத்தி அனுமதி கொடுத்தால்தான் உள்ளே நிற்பவர் ஓட்டுப் போட முடியும். போட்டதும் ஒரு நீண்ட ‘பீப்’. அதன் பிறகு எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது, அடுத்த அனுமதி வரும்வரை. ஒரு ஆள், ஒரு ஓட்டு என்ற அரசியல் சட்டத்தின் வாக்கு ஒரு சர்க்யூட்டாகிவிட்டது.

காகித ஓட்டுச் சீட்டுக்கு அடிக்கட்டை உண்டு. அதில் வரிசை எண் இருக்கும். கோர்ட் உத்தரவிட்டால், பெரும்பாடு பட்டு, எந்தச் சீட்டு யாருடையது என்று தேடிப் பிடித்துவிட வழி இருந்தது. ஒரு துப்பறிவாளனுக்குப் போதுமான தடயம் அது. இயந்திரத்துக்குள் அப்படி அடிக்கட்டை கிடையாது. வாக்காளரின் பெயரோ எண்ணோ அதற்குள் நுழைவதே இல்லை. அந்த விவரம் வெளியே அதிகாரியின் பதிவேட்டில் நிற்கிறது. கணேஷையே வரவழைத்து அந்தப் பெட்டியைக் கொடுத்து, இந்த ஓட்டைப் போட்டது யார் என்று கேட்டால் அவன் கையை விரிக்க வேண்டியதுதான்.

குற்றத்தைச் செய்தவனுக்கு ஒளிய இடம் கிடைக்கக் கூடாது. ஓட்டுப் போடுகிறவனுக்கு ஒளிய இடம் கிடைத்தே ஆக வேண்டும். பண்ணையாரிடம் கூலி வாங்குகிறவன், கடன்காரனுக்குப் பயந்தவன், புருஷன் சொன்ன சின்னத்துக்குத்தான் போட வேண்டும் என்று அனுப்பப்பட்டவள், இவர்கள் எல்லோருக்கும் அந்த மறைப்புக்குள் சில விநாடி. அந்தச் சில விநாடியை யாரும் துப்பறிய முடியாதபடி காக்க, துப்பறிவது எப்படி என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் அந்த வேலையில் இருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. பூட்டு செய்கிறவனுக்குத் திருடனின் வழி தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பெட்டியின் பாதையும் லேசானதல்ல. 1982ல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் சில சாவடிகளில் முதன்முதலாக இயந்திரம் வைத்தார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சாவடிகளில் மறுபடி வாக்குப்பதிவு நடந்தது. 1988 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். 2004 மக்களவைத் தேர்தலில்தான் நாடு முழுக்க இயந்திரம். சந்தேகம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் 2013ல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் தொடங்கி ஒப்புகைச் சீட்டு வந்தது: கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்துவிட்டு உள்ளே விழுகிறது. சந்தேகப்படுகிறவர்களைக் கேலி செய்வது எனக்குப் பிடிப்பதில்லை. சந்தேகத்துக்குப் பதில் ஏளனமாக இருக்கக் கூடாது, சோதனையாக இருக்க வேண்டும். தர ஆய்வில் இருக்கிறவனுக்கு இது தெரியும்.

தமிழ்நாட்டுத் தேர்தல் வந்தால் எங்கள் லைனில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர் தொகுதி. அங்கிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி என்று பஸ் மாறிப் போவார்கள். திரும்பி வந்ததும் விரல் மையைக் காட்டுவார்கள், யாருக்குப் போட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். நாங்களும் கேட்பதில்லை.

*

‘நகரம்’ துப்பறியும் கதை அல்ல. இருந்தாலும் இந்த வரிசையில்தான் அதை வைக்கிறேன்.

மூனாண்டிப்பட்டியிலிருந்து வள்ளியம்மாள் தன் மகள் பாப்பாத்தியை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறாள். மூளைக்காய்ச்சல். பெரிய டாக்டர் உடனே சேர்க்கச் சொல்கிறார். அதன் பிறகு சீட்டு, ஜன்னல், இன்னொரு சீட்டு, இன்னொரு ஜன்னல், பூட்டிய கதவு. படிக்கத் தெரியாத அந்தத் தாய் நகரத்தின் எழுத்துகளுக்கு நடுவே சுற்றுகிறாள். யாரும் கெட்டவர் இல்லை. ஒவ்வொருவரும் தன் மேஜையின் வேலையைத்தான் செய்கிறார்கள். அவள் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறாள்.

இதை வழக்காக எடுத்தால் கணேஷ் யாரைக் கூண்டில் ஏற்றுவான்? ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவரையா, பெரிய டாக்டரையா? ஓனோவின் ஐந்து ‘ஏன்’களை இந்தக் கதைக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவதிலேயே மனிதர்கள் தீர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது வழி கேட்டால் சொல்ல ஆளில்லாத ஒரு கட்டடம்.

பொம்மசந்திராவில் தேவி ஷெட்டி 2000ல் தொடங்கிய பெரிய மருத்துவமனை வளாகம் இருக்கிறது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சுற்றுவட்டாரத்தில் வங்காள எழுத்தில் லாட்ஜ் போர்டும் மீன் குழம்பு ஹோட்டலும் முளைத்துவிட்டன. தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறார்கள். எக்ஸ்ரே கவரைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்று போர்டுகளை அண்ணாந்து பார்க்கிறவரைக் கண்டால் நான் நின்றுவிடுவேன். எங்கே போகணும் என்று கேட்டு, தெரிந்தால் சொல்வேன். சில பக்கங்களே உள்ள ஒரு சிறுகதை எனக்குக் கொடுத்த பழக்கம் இது. இதைவிடப் பெரிய விமரிசனம் என்னிடம் இல்லை.

*

அவரிடம் எனக்கு ஒவ்வாததும் எழுதிவைக்க வேண்டும். பெண்கள் அறைக்குள் வரும்போது வசந்தின் கண் போகும் இடம், அதை ஆசிரியர் ரசித்து எழுதும் விதம். அந்தக் காலப் பத்திரிகை அப்படி என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. ஏனென்றால் இதே மனிதர்தான் வள்ளியம்மாளையும் எழுதினார். ஒரு பெண்ணை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் பல இடங்களில் சுலபமான பார்வையோடு நின்றுவிட்டார். அவரை மதிக்கிறவன் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

எங்கள் லைனில் தருமபுரிப் பெண் ஒருத்தி படிக்கக் கேட்டாள். எதைக் கொடுப்பது என்று யோசித்து ‘கொலையுதிர் காலம்’ கொடுத்தேன். முடித்துவிட்டு டீ நேரத்தில் கொண்டுவந்தாள்.

“பேயா, மெஷினா? நீங்க என்ன நெனைக்கிறீங்கண்ணா?”

நான் மெஷின் என்றேன்.

“அப்பிடின்னா இந்த எடம் எப்படிண்ணா?” என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். வசந்த் கடைசியில் கேட்கும் சந்தேகம் அல்ல அது. நான் எத்தனையோ முறை தாண்டிப் போன ஒரு சின்ன விவரம். பெல் அடித்தது. புத்தகத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை. இன்னொரு தடவை படித்துவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனாள். அந்த வசந்த் மாதிரி ஒரு ஆளோடு வேலை பார்ப்பது கஷ்டம் என்றும் போகிற போக்கில் சொன்னாள்.

அடுத்து அவளுக்கு ‘நகரம்’ இருக்கும் தொகுதியைத் தரப் போகிறேன்.